பாசிக்கு ஒன்பது விரல்

பணி ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களை மலரில் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று ஒப்பந்தப் பணியாளர் சங்கத்தில் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார்களோ என்றுதான் நினைத்தேன். எனக்கு வயது முப்பத்துநான்கு. ஓய்வு பெற்றது நான் அல்ல, நான் உட்கார்ந்திருந்த பதவி. அதற்குத் திட்டக் காலம் முடிந்துவிட்டது. மாலை இல்லை, வடையும் காப்பியும் உண்டு.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர வட்டம் ஒன்றில், வழங்கல் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர் என்பது அந்தப் பதவியின் பெயர். ரேஷன் கடைகளைக் கணினியில் இணைக்கப் போட்ட திட்டத்தில் முளைத்தது. சம்பளத்தில் ஒரு பங்கு டெல்லியிலிருந்து வரும், ஒரு பங்கு சென்னையிலிருந்து வரும். இரண்டையும் வாங்கி எனக்குக் கொடுத்தது ஒரு தனியார் நிறுவனம். வேலை வாங்கியது தாலுகா ஆபீஸ். நீ யாரு ஆளு என்று ஊரில் கேட்பார்கள். இத்தனை வருடத்தில் அதற்கு ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னதில்லை.

இப்போது என் நாற்காலியில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஒரு பெண் வந்திருக்கிறார். புது மென்பொருள், புது இயந்திரம். வாரத்துக்கு ஒரு தடவையாவது திரையைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, இதுக்கு எதைத் தொடணும்?" என்று கேட்கிறார். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் சில நாட்கள், ஒரு குளிர்சாதன அறை, மதியம் தயிர்சாதம். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாள் மறக்காது. எங்கள் குடும்பம் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம், பிழைப்பு மிளகாயும் ஆடும். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க வந்த அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்புறம் படித்து, பட்டம் வாங்கி, வேலைக்குப் போனால் முதல் நாள் என் கையில் கொடுத்தது கைநாட்டு வாங்கும் இயந்திரம். வீட்டில் காட்டினேன். அய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?" என்றார். கலெக்டரும் இதில்தான் விரல் வைக்க வேண்டும் என்றேன். அதைக் கேட்டதும் அவருக்கு வந்த சந்தோஷம், எனக்கு வேலை கிடைத்ததற்குக்கூட வரவில்லை.

இனி அரிசி. ஒரு மூட்டை ரேஷன் கடையில் வந்து இறங்கும்போது அதற்குள் இரண்டு அரசாங்கம் இருக்கும். ஏழைகள் என்று கணக்கில் வந்தவர்களுக்கு மத்திய அரசு தன் சட்டப்படி அரிசி ஒதுக்குகிறது. நம் மாநிலம், எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டதால், மீதிப் பேருக்குத் தானே வாங்கிப் போடுகிறது. சேமிப்புக் கிட்டங்கி ஒன்று, மூட்டை ஒன்று, அளக்கும் தராசும் ஒன்று. அரிசியில் கோடு கிடையாது. திரையில் மட்டும் உண்டு.

அந்தக் கோட்டில் டெல்லியின் பக்கம், மிகவும் இல்லாதவர்களுக்கு என்று ஓர் அட்டை இருக்கிறது. அந்தியோதயா. வீட்டில் ஓர் ஆள் இருந்தாலும் முப்பத்தைந்து கிலோ. அந்த அட்டை மொத்தம் எத்தனை என்பதை டெல்லி முடிவு செய்யும். யாருக்கு என்பதை மாநிலம் முடிவு செய்யும். அந்த ஆள் உண்மையிலே இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது நாங்கள்.

நாங்கள் என்றால் ஜெய்னம்பு மேடமும் நானும். மேடம் வட்ட வழங்கல் அலுவலர், கீழக்கரைக்காரர். வீட்டில் ஆண்கள் எல்லாரும் துபாய், தோஹா என்று இருக்க, இவர் மட்டும் அரசுத் தேர்வு எழுதி உள்ளே வந்தவர். குரல் உயராது. கோபம் வந்தால் மட்டும் என்னை "நீங்க"விலிருந்து "நீ"க்கு இறக்குவார். கைபேசியைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் மனுக் கொடுக்க வந்தவரிடம் பேசுவார். மனுவை வாங்கியதும் படிக்க மாட்டார். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாயால சொல்லுங்க" என்பார்.

சொல்லி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்றாக மடிப்பார். மேல் மடிப்பில் டெல்லியின் விதி என்ன என்று எழுதுவார். நடு மடிப்பில் சென்னையின் விதி. கடைசி மடிப்பில், "நம்மளது எது?" என்று என்னைப் பார்ப்பார். பெரும்பாலும் அங்கே எழுத ஒரு வரிகூட இருக்காது. ஆனாலும் அந்த மடிப்பை வெறுமையாக விட்டு அவர் யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. தணிக்கை என்றால் நடுங்குவார். ஒரு குறிப்பை நான்கு தடவை திருத்தி, கடைசியில் முதலில் எழுதியதையே வைத்துக்கொள்வார். எனக்கு அவருடைய நிதானம் பல நாள் எரிச்சலாக இருந்தது. நான் வேகமாக முடிக்கிற ஆள். மாவட்டத்தில் நிலுவை இல்லாத வட்டம் என்று எங்கள் பெயர் வந்தால் சந்தோஷப்படுகிற ஆள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு உத்தரவு வந்தது. மத்திய அரசின் பங்கில் அரிசி வாங்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு தடவை விரல் வைத்துத் தன்னை உறுதி செய்ய வேண்டும், அதற்கு ஒரு கடைசித் தேதி. மாதாமாதம் அரிசி வாங்குவதில் சிக்கல் இல்லை. ரேகை விழாதவர்களுக்குப் போனுக்கு எண் அனுப்பிக் கொடுக்கலாம் என்று மாநிலம் ஒரு வாசல் திறந்து வைத்திருந்தது. ஆனால் அது அரிசியைக் கொடுக்க. இது பெயரை வைத்திருக்க. இதற்கு அந்த வாசல் கிடையாது. உறுதி செய்யாத பெயர் திரையில் சிவப்பாகும். சிவப்பைத் தொட்டால் மூன்று காரணம் வரும்: இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பெயர் போய்விடும், நிலுவையும் போய்விடும். ஆள் இருக்கிறார், ஊரில்தான் இருக்கிறார், விரல்தான் விழவில்லை என்று சொல்ல நாலாவது காரணம் கிடையாது.

மண்டபத்துக்கு மேற்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் பாசிக்குப் போவார்கள். விடியலில் வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, கடலுக்கு அடியில் பார் என்கிற பவளப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து எடுத்து வருவார்கள். அந்தக் கல் அரம் மாதிரி. விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டாலும் தோல் தேயும். உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். விரல் வைத்து உறுதி செய்யும் முகாமை நாங்கள் தை மாதத்தில், பாசி நன்றாக இருக்கும் சமயத்தில், அலுவலக நேரத்தில் போட்டோம். கரை திரும்பிய கையோடு இடுப்புவரை ஈரமாக வந்து நின்றார்கள். வரிசையாகச் சிவப்பு.

ராக்கு கடைசியாக வந்தார். ஐம்பது தாண்டிய விதவை. பிள்ளை கிடையாது. அந்தியோதயா அட்டையில் அவர் பெயர் ஒன்றுதான். அது போனால் அட்டையே போகும். துணியைப் பிரித்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ஊறிய சோப்பு மாதிரி இருந்தன. கருவிழிப் படம் எடுக்கிற கருவியும் இருந்தது. ஆனால் வெயிலும் உப்பும் பட்டு இரண்டு கண்ணிலும் சதை படர்ந்திருந்தது, அதுவும் ஏற்கவில்லை. நான் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் அமுக்குனாலும் இதுதான் தம்பி," என்றார். "எம் ரேகையெல்லாம் பாருல கெடக்கு. மிசினத் தூக்கிக்கிட்டு அங்கன வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கடை விற்பனையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடம்பெயர்ந்தவர் என்று போட்டுவிடலாம், அப்புறம் புதிதாக மனு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பூமயில் என்ற பெண் குறுக்கே வந்தார். ராக்குவோடு ஒரே வள்ளத்தில் போகிறவர். ஆறு பெண்கள் அதில். ஐந்து பேர் டீசலுக்குப் பங்கு போடுவார்கள். ராக்குவின் பங்கு சோறு. முப்பத்தைந்து கிலோவில் பொங்கி, தண்ணீர் ஊற்றி, ஆறு பேருக்கும் பானையில் கொண்டு வருவது அவர். அதுதான் வள்ளத்தில் அவருடைய இடம்.

"அரிசி நின்னா நீங்க அவரை எறக்கி விட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"நாங்க எறக்க மாட்டோம் சார்," என்றார் பூமயில். "அவளா ஏற மாட்டா."

பூமயிலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அன்று அந்த ஆறு பேரில் பச்சை விழுந்தது அவருக்கு மட்டும். கேட்டபோது, திருக்கை வால் அடித்துக் கால் வீங்கி இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை என்றார். அதைக் குறித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன்.

மேடம் கைபேசியை டப்பாவில் போட்டார். நான் வாயால் சொன்னேன். இடம்பெயர்ந்தவர் யோசனையையும் சொன்னேன். தாளை மடித்தார்.

"எடுக்குறது யாரு?" என்று கேட்டார்.

"நாமதான் மேடம்."

"திரும்பச் சேக்குறது?"

மாநிலம் என்றேன். அவர் பேனாவால் மேல் மடிப்பைத் தட்டினார். அந்தியோதயா அட்டை இத்தனைதான் என்று டெல்லி வைத்திருக்கிறது. ஒன்று காலியானால் அந்த இடம் வேறு ஊருக்குப் போகலாம், வராமலே போகலாம். எடுப்பது ஒரு நிமிடம், அதற்குத் தாலுகா போதும். சேர்க்க டெல்லி, சென்னை, தாலுகா மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். "ஒரு பொம்பளைய எறக்கிவிட நம்ம ஒரு ஆளு கை போதும். ஏத்திவிட மூணு கை வேணும். அதனால நம்ம கைய மொதல்ல கட்டிக்குவோம்" என்றார்.

பூமயிலின் கால் கதையைச் சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப ரேகை சாகல. லீவுல இருக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. மாநில உத்தரவில் ஒரு வரி இருந்தது: நேரடி விசாரணை முடியாமல் எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது. நடு மடிப்பில் அதை எழுதினார். விசாரணை செய்வது யார்? நாங்கள். எப்போது முடிப்பது? அதற்கு விதி இல்லை. கடைசி மடிப்பில் ஒரே சொல் எழுதினார்: விசாரணை. என்னைக் குறிப்பு எழுதச் சொன்னார். நேரில் கண்டேன், உயிருடன் இருக்கிறார், இதே ஊரில் இருக்கிறார், தொழில் காரணமாக விரல் ரேகை தற்காலிகமாகப் பதியவில்லை, விசாரணை தொடர்கிறது.

நேரில் கண்டாயிற்று, அப்புறம் என்ன விசாரணை தொடர்கிறது என்று கேட்டேன். பொய் எழுதச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

"விசாரணை அந்தம்மாவை இல்ல, விரலை" என்றார். "அது கடல விட்டு வரணும். வந்து ஆறணும். வாரவரைக்கும் விசாரிப்போம்."

கடலை விட்டு எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பெண்களும் பாசிக்குப் போவதில்லை. தடைச் சட்டம் விசைப்படகுகளுக்குத்தான், இவர்களுக்குப் பொருந்தாது. பாசி தழைக்கட்டும் என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டு அது. சித்திரை பிறந்தால் வள்ளத்தைக் கரையேற்றுவார்கள். டெல்லி சொன்ன தேதியோ அதற்கு முன்னால் இருந்தது.

மாதாமாதம் அதே குறிப்பு. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு வட்டமாக எழுப்பிக் கேட்பார்கள். மற்ற வட்டங்களில் சிவப்பு கரைந்துகொண்டே வந்தது. எங்களுடையது அந்தக் கடற்கரைப் பெயர்களோடு அப்படியே நின்றது. மேடம் எழுந்து நிற்பார். விசாரணையில் உள்ளது ஐயா என்பார். இவ்வளவு நாளா என்று கேட்பார்கள். ஆமாம் ஐயா என்பார். பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த எனக்கு முகம் எரியும். வெளியே வந்து பக்கத்துக் கடையில் டீ வாங்கித் தருவார். ஒரு தடவை அங்கே நின்று, "நிலுவைன்னா அசிங்கம்னு நெனைக்கிற. சில நிலுவை ஆளு நிக்கிற எடம்" என்றார். அன்று "நீ"யில் பேசினார், ஆனால் கோபமில்லை.

கடைசித் தேதி வந்தது. நீட்டிப்பு என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. டெல்லி தேதி நீளும் என்பது மேடத்தின் அனுபவம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்தவர் அல்ல. நீட்டிய தேதி தடைக்காலம் முடிவதை ஒட்டி நின்றது. மூச்சு விட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

சித்திரையில் ஊருக்குப் போனால், ராக்கு மண்வெட்டியோடு நிற்கிறார். பாசி இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போவது அவர்கள் வழக்கம். ஊருணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிப் பிடி தேய்த்துத் தேய்த்து, கடலில் மிச்சமிருந்த ரேகையும் போய்க்கொண்டிருந்தது. நான் பதறிப்போய், இந்த இரண்டு மாதம் கையை வைத்து எந்த வேலையும் செய்யாதீர்கள் என்றேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஒரு கவருமெண்டு மம்பட்டியக் குடுக்குது. ஒரு கவருமெண்டு வெரலக் கேக்குது. ரெண்டும் ஒரே ஆளா தம்பி, வேற வேற ஆளா?"

நான் விளக்கப் பார்த்தேன். இரண்டிலும் டெல்லிக்குப் பங்கு உண்டு, மாநிலத்துக்கும் உண்டு, துறைதான் வேறு, இது ஊரக வளர்ச்சி, அது உணவு என்றேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது அது இல்லை.

மேடத்திடம் சொன்னபோது, "அது நம்ம மடிப்பு இல்லையே" என்றார். அவர் அப்படிக் கைவிரித்தது அப்போது மட்டும்தான். ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்தார். இலகுவான வேலை கொடுக்கலாம், ஆனால் தளத்தில் இருப்பவர்கள் முடிவு என்றார்கள்.

வழி கண்டது பூமயில். வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தலாம், அதற்கும் அதே கூலி என்று விதி இருக்கிறது. பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளை யாரும் அந்த வெயிலில் கூட்டி வருவதில்லை, அதனால் அந்த வரியை யாரும் கேட்டதும் இல்லை. பூமயில் பணித்தளப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டார். பொறுப்பாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளை எங்கன இருக்கு? ரெண்டுதான இருக்கு" என்றார்.

மறுநாள் பூமயில் தன் கடைசிப் பையனை இடுப்பில் தூக்கி வந்தார். வள்ளத்துக்காரப் பெண்கள் இன்னும் மூன்று பேர் ஆளுக்கொரு பிள்ளையோடு வந்தார்கள். எல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அட்டையில் பெயர் உள்ள பிள்ளைகள். பொறுப்பாளர் எண்ணினார்.

"ஆறு இருக்கே" என்றார்.

"ஒண்ணு காச்சல்ல படுத்தா அஞ்சு நிக்கணும்ல" என்றார் பூமயில்.

ராக்கு கருவேல மர நிழலில் சேலையைக் கட்டித் தூளி ஆட்டினார். கடல் பார்த்த ஆளுக்கு அது பிடிக்கவே இல்லை. வெட்டிவிட்டு மேலே வரும் பெண்கள், "என்ன டீச்சர், பாடம் நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "ஒங்க பிள்ளைகளுக்கு மூக்கத் தொடச்சே எம் வெரலு தேஞ்சிரும்டி" என்பார். ஆனால் ஒரு நாளும் மண்வெட்டியைத் தொடவில்லை. பாத்திரம் தேய்ப்பதைக்கூடப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள்.

நான் வாரம் ஒரு தடவை இயந்திரத்தைக் கொண்டு போய் வைத்துப் பார்க்கலாம் என்றேன். மேடம் கூடாது என்றார். ஒவ்வொரு தோல்வியும் டெல்லிக் கணினியில் பதிவாகும், எண்ணிக்கை கூடினால் சந்தேகத்துக்குரியவர் என்று குறி விழும். அதனால் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வருவேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோலம் அழிந்த வாசல் மாதிரி ஏதோ தெரிந்தது. சிவப்பு விழுந்த மற்ற நால்வருக்கு ரேகை நன்றாகவே தெரிந்தது, அவர்கள் வயது குறைந்தவர்கள். ராக்குவுக்குத்தான் மெதுவாக வந்தது.

கடைசி வாரத்தில் போனோம். மேடமும் வந்தார், அலுவலக ஜீப்பில். காலையில், கை உலர்ந்து சூடாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். கொடுக்கிற கை நன்றாக இருக்கட்டும் என்று ராக்கு தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். மேடம் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் பச்சை விழுந்து, ராக்குவின் முறை வந்தது. பெருவிரல் சிவப்பு. ஆள்காட்டி விரல் சிவப்பு. நடுவிரல். வலது கை முழுதும் போய்விட்டது. பெண்கள் இயந்திரத்தைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். பூமயிலின் பையன் அதன் சத்தத்தைத் தானும் போட்டுக்கொண்டிருந்தான். இடது கையில் மூன்று விரல் போயிற்று. நான் அடுத்த விரலை அவசரமாகப் பிடித்து வைக்கப் போனேன். மேடம், "மெதுவா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

இடது மோதிர விரல் பச்சை.

சத்தம் போட்டது நான்தான். ராக்கு விரலை எடுக்கவே இல்லை. "எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

ஆபீசுக்கு வந்ததும் மேடம் அந்தப் பழைய மடித்த தாளை எடுத்து, கடைசி மடிப்பில் விசாரணை என்ற சொல்லுக்கு எதிரே முடிந்தது என்று எழுதினார். நான்கு தடவை திருத்தவில்லை. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் வட்டத்தின் பெயர் கடைசியாகத்தான் பச்சைக்கு வந்தது. யாரும் எங்களைப் பாராட்டவில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, மேடம் பதில் எழுதினார்.

தடைக்காலம் முடிந்து வள்ளம் இறங்கிய நாளில் வேறு வேலையாக அந்தக் கரையில் இருந்தேன். ராக்கு பானையோடு வந்தார். பானையை முதலில் ஏற்றிவிட்டு, கரையில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றினார். எல்லா விரலுக்கும் ஒரு சுற்று. இடது மோதிர விரலுக்கு மட்டும் மூன்று சுற்று, அதன் மேல் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பர். அந்தக் கட்டோடு விரல் மடங்காது. இதை வைத்து எப்படிப் பிய்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"இது பிய்க்காது. இது கவருமெண்டு வெரலு," என்றார். "பாசிக்கு ஒம்போது போதும்."

வள்ளத்தில் இருந்த மற்றவர்களின் கைகளைப் பார்த்தேன். ஆளுக்கொரு விரலில் ரப்பர் இருந்தது.

மேடம் பின்னால் ஓய்வு பெற்றார், முறைப்படி, மாலையோடு. இப்போது கீழக்கரையில் இருக்கிறார். போன் செய்தால் இரண்டாவது தடவைதான் எடுக்கிறார், முதல் தடவை டப்பாவுக்குள் இருக்குமோ என்னவோ. ராக்கு இன்னும் பாசிக்குப் போகிறார்.

என் நாற்காலியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். புது மென்பொருளிலும் காரணங்களின் பட்டியல் இருக்கிறது, இப்போது ஐந்து. ஐந்திலும், ஆள் ஊரில்தான் இருக்கிறார் என்கிற அந்தக் காரணம் இல்லை என்று படம் அனுப்பியிருந்தார். எதையும் தொட வேண்டாம், முதலில் ஒரு தாளை மடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

போன வாரம் அவர் அந்தக் கரைக்கு முகம் பார்க்கும் புது இயந்திரத்தோடு போயிருக்கிறார். எல்லாருக்கும் ஒரே நொடியில் பச்சை, ராக்குவுக்கும். சந்தோஷத்தில், இனி விரலே வேண்டாம் அக்கா, அந்த ரப்பரைக் கழற்றிவிட்டுப் பத்து விரலாலும் பாசி எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ராக்கு சிரித்துவிட்டு ரப்பரை இழுத்துச் சரிசெய்துகொண்டாராம்.

"இன்னைக்கு மூஞ்சியக் கேக்குறீக. நாளைக்கு எதக் கேப்பீகளோ. இது இருக்கட்டும்மா."